உங்கள் தாளில் நீங்களே போடும் பென்சில் வட்டம்: எழுதும் மாணவர் தம் பலம், பலவீனம் அறிய ஒரு வழிகாட்டி

"எழுதுபவராக உங்கள் பலம் எது, பலவீனம் எது? ஒரு பக்க அளவில் எழுதுக." வகுப்பில் இப்படி ஒரு வேலை கொடுத்தால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். பலம்: கற்பனை வளம். பலவீனம்: இலக்கணம் கொஞ்சம் வராது, நேரம் போதாது. பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாது. ராசிபலன் மாதிரி எல்லோருக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது.

நானும் அப்படித்தான் எழுதினேன். கல்லூரி முதலாண்டில் 'சொல்வளம் என் பலம்' என்று எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் தந்த ஆசிரியர் வாயால் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளில் 'மிகவும்' வந்த இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஒன்றரைப் பக்கத்தில் 11 வட்டங்கள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. என்னைப் பற்றி நான் வைத்திருந்த நினைப்பும் என் தாளும் அதுவரை ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

அந்தப் பென்சில் வட்டத்தை உங்கள் தாளில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கான வழிதான் இது. கண்ணை மூடி 'நான் எப்படிப்பட்ட எழுத்தாளர்' என்று யோசிக்கும் வேலை இதில் கிடையாது. தாளும் பென்சிலும், மொத்தத்தில் ஓர் அரை நாளும் இருந்தால் போதும்.

1. மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்

நீங்கள் எழுதியவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, தேர்வறையிலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோ எழுதியது. இன்னொன்று, வீட்டில் அவகாசம் எடுத்து எழுதியது. மூன்றாவது, யாரும் கேட்காமல் நீங்களாக எழுதியது: நாட்குறிப்பு, கடிதம், நண்பருக்கு நீளமாக அனுப்பிய செய்தி, எதுவானாலும் சரி.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள், 'அதெல்லாம் எழுத்தா' என்று. எனக்கென்னவோ அதுதான் முக்கியமான சாட்சி. கட்டுரை என்றதும் விறைத்துப்போய் நிற்கும் ஒரு பையன், தான் பார்த்த ஆட்டத்தை நண்பனுக்கு எழுதும்போது ஒவ்வொரு பந்தையும் கண்முன் கொண்டுவருவான். அவனிடம் விவரிக்கும் திறமை இருக்கிறது. கட்டுரைத் தாளைப் பார்த்ததும் அது ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

மூன்று எதற்கு என்றால், ஒப்பிட. ஒரு குறை தேர்வுத் தாளில் மட்டும் தெரிந்தால் அது அவசரத்தின் குறை. மூன்றிலும் தெரிந்தால் அது உங்களுடையது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பலர் தமக்கு இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

தாள்கள் இரண்டு வாரமாவது பழையதாக இருக்கட்டும். நேற்று எழுதியதைப் படித்தால், தாளில் இருப்பதைக் கண் படிக்காது. மனதில் நினைத்ததையே படிக்கும். விட்டுப்போன சொல்லைக்கூட மூளை தானாகவே நிரப்பிக்கொண்டு போய்விடும். பழையது எதுவும் கையில் இல்லையென்றால் இன்றைக்கு 30 நிமிடம் உட்கார்ந்து ஏதாவது எழுதி, மூடி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து இங்கே திரும்பி வாருங்கள்.

2. வாய்விட்டுப் படியுங்கள், திருத்தாதீர்கள்

செல்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தமாகப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே திரும்பப் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதோ, அங்கே ஒரு புள்ளி வையுங்கள். கை துறுதுறுக்கும், திருத்தலாமே என்று. வேண்டாம். திருத்த ஆரம்பித்தால் அந்த வரி சரியாகிவிடும், ஆனால் அதில் இருந்த தடயம் அழிந்துவிடும். இன்றைக்கு நீங்கள் துப்பறிபவர் மட்டும்தான்.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதனால் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போக மொழி இடம் தருகிறது. போய், பார்த்து, எடுத்து, கேட்டு என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகலாம். எழுதுபவருக்குச் சுகம். படிப்பவர்தான் கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று தண்டவாளத்தின் ஓரமாக நிற்க வேண்டும். ஒரு மாதிரி வரி:

"நூலகத்திற்குச் சென்ற நாங்கள் அங்கிருந்த பழைய புத்தகங்களைப் பார்த்து வியந்து அவற்றை எடுத்துப் படிக்க முயன்றபோது நூலகர் வந்து அவை மிகவும் பழமையானவை என்பதால் கவனமாகக் கையாள வேண்டும் என்று கூறியது எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது."

29 சொற்கள். இலக்கணப்படி பெரிய தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் படித்து முடித்தபின் மனதில் என்ன நிற்கிறது? புத்தகம் எப்படி இருந்தது, நூலகர் எப்படிப் பேசினார், எதுவும் தெரியவில்லை. கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. 'மிகவும்' இரண்டு முறை (என் பழைய நண்பர்).

இதோடு நிறுத்திவிட்டால் பலவீனம் மட்டும்தான் தெரியும். இன்னொரு முறை பாருங்கள். கை புத்தகத்தைத் தொடப்போகும் அந்த நொடியில் நூலகரை உள்ளே வரவைத்திருக்கிறார் இந்த மாணவர். அது கதை சொல்லும் புத்தி. அதை நீள வாக்கியம் மூடிவிட்டது. இதையே,

"கடைசித் தட்டில் இருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையின் மூலை பொடியாக உதிர்ந்தது. நூலகர் வேகமாக வந்தார். 'ரெண்டு கையாலயும் பிடிப்பா' என்றார்."

என்று எழுதியிருந்தால் அந்தப் பலம் வெளியே தெரிந்திருக்கும். ஆகவே இந்த மாணவர் தன்னைப் பற்றி எழுத வேண்டியது 'எனக்கு வாக்கிய அமைப்பு வராது' என்பது இல்லை. 'சம்பவத்தைச் சரியான இடத்தில் திருப்பத் தெரிகிறது. ஆனால் நாலு சம்பவத்தை ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறேன்' என்பதுதான். முதலாவதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதை நாளைக்கே சரிசெய்ய ஆரம்பிக்கலாம்.

3. எண்ணிப் பாருங்கள்

கணக்கு அலுப்பான வேலைதான். ஆனால் எண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு தாளிலும் தொடர்ச்சியாகப் பத்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் என்று ஓரத்தில் குறியுங்கள். எல்லாமே 20க்கு மேல் என்றால் ஒரு செய்தி. எல்லாமே 6, 7 என்று ஒரே அளவில் இருந்தாலும் அதுவும் ஒரு செய்திதான். படிப்பவர் காதில் சுத்தியல் அடிக்கிற மாதிரி விழும். பிறகு வாக்கியங்கள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். 'ஆகும்', 'உள்ளது', 'குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது' ஆகியவை எத்தனை? 'மேலும்' என்று தொடங்கும் பத்திகள் எத்தனை?

அடுத்து எழுத்துப் பிழை. இங்கே ஒரு சோதனை உண்டு, அதைச் செய்யாமல் 'எனக்கு எழுத்துப் பிழை அதிகம்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரே சொல் அதே தாளில் வேறு இடத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று தேடுங்கள். 'பள்ளி' மூன்று இடத்தில் சரியாக இருந்து, நான்காவது இடத்தில் 'நாங்கள் பல்லிக்குச் சென்றோம்' என்றிருந்தால், அது கைத்தவறு. விசைப்பலகை செய்த வேலையாகக்கூட இருக்கலாம். மருந்து: அனுப்புமுன் ஒரு முறை படிப்பது. மாறாக, நான்கு இடத்திலும் 'சுவற்றில்' என்றே இருந்தால் அது அறியாமை. கிணறு 'கிணற்றில்' ஆவதுபோல், 'சுவறு' என்றொரு சொல் இருந்தால்தான் 'சுவற்றில்' வரும். சொல் 'சுவர்' என்பதால் 'சுவரில்'. இதை எத்தனை முறை மறுபடி படித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் தெரியும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எதற்கும் வைத்தியம் நடக்காது.

ஒற்றும் (இரண்டு சொல் சேரும் இடத்தில் வரும் க், ச், த், ப்) அப்படித்தான். 'எனக்குச் சந்தியே வராது' என்பவரின் தாளை உட்கார்ந்து பார்த்தால், 'கதையைப் படித்தேன்' என்று சரியாகவே எழுதியிருப்பார். 'அந்தப் பையன்' சரி. 'கதைப் படித்தேன்', 'படித்தக் கதை' என்ற இரண்டில்தான் வழுக்குவார். அதாவது ஒற்று விட்டுப்போகவில்லை. வேண்டாத இடத்தில் போடுகிறார். 'ஐ' என்ற உருபு வெளியே தெரிந்தால் மிகும், மறைந்திருந்தால் மிகாது. 'படித்த', 'வந்த' போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னும் மிகாது. அரை மணி நேரப் பாடம். 'சந்தி வராது' என்று பெயர் வைத்தால் அது ஆயுளுக்கும் பயமுறுத்தும். 'மரங்கள் விழுந்தது', 'ஒவ்வொரு மாணவர்களும்' என்று ஒருமை பன்மையில் தடுக்குபவர்களும் இதே மாதிரி எந்த இடத்தில் தடுக்குகிறோம் என்று குறித்துக்கொள்ளலாம்.

திருத்தும் செயலியில் போட்டு எடுத்த தாளை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் தெரிவது செயலியின் பலம்.

4. பத்திக்கு ஒரு வரி

எழுத்துப் பிழையைவிடப் பெரிய சங்கதி அமைப்பு. பல மாணவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. சிவப்பு மை எழுத்துப் பிழையில்தான் அதிகம் விழுகிறது என்பது ஒரு காரணம்.

ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியில் விஷயம் இல்லை. இரண்டு வரி தேவைப்பட்டால் அங்கே இரண்டு பத்திகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிறகு ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறதா? நாலாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றினால் யாருக்கும் தெரியாது என்றால், உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு இல்லை, பட்டியல்தான் இருக்கிறது.

கண்ட குறைக்குப் பெயர் வைக்கத் தவித்தால் நம்மிடம் ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதிய நன்னூல், தன் முன்னுரையான பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, வேண்டிய அழகுகள் பத்து என்று வரிசைப்படுத்துகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். ஒருமுறை அதைத் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், எவ்வளவு துல்லியமான கண் என்று. 'குன்றக் கூறல்' என்றால் வேண்டிய அளவுக்குச் சொல்லாமல் விடுவது. 'மிகைபடக் கூறல்' அதற்கு நேர் எதிர். 'கூறியது கூறல்', 'மாறுகொளக் கூறல்' இரண்டும் சொல்லும்போதே புரியும். 'மற்றொன்று விரித்தல்' என்பது எடுத்த விஷயத்தை விட்டு வேறொன்றை விவரித்துக்கொண்டு போவது. 'வெற்றெனத் தொடுத்தல்' வெறும் சொற்களைக் கோப்பது. மேலே பார்த்த 'என்பது குறிப்பிடத்தக்கது' அந்த ரகம்.

எனக்குப் பிடித்தது 'சென்றுதேய்ந்து இறுதல்'. நன்றாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. தேர்வுத் தாள்களில் இதைவிடப் பரவலான குறை இல்லை என்பேன். முன்னுரை மாப்பிள்ளை மாதிரி வரும். முடிவுரை வந்ததே தெரியாது.

பத்தையும் தேட வேண்டாம். உங்கள் மூன்று தாள்களிலும் திரும்பத் திரும்ப வருவது எது என்று ஒன்றையோ இரண்டையோ குறியுங்கள்.

5. பலம் தேடுவது கஷ்டமான வேலை

குறையைச் சொல்ல நமக்குக் கூச்சமே கிடையாது, நிறையைச் சொல்லத்தான் நாக்கு எழாது. தற்பெருமை ஆகிவிடுமோ என்று 'ஆர்வம் உண்டு', 'முயற்சி செய்வேன்' என்று ஒதுங்கிவிடுவோம். ஆர்வம் எழுத்தின் பலம் கிடையாது, எழுதுபவரின் மனநிலை. எழுத்தின் பலம் தாளில் விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

நான் செய்யும் வழி இது. ஒவ்வொரு தாளையும் பாதியாகச் சுருக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தால், எந்த வரியை வெட்ட விடமாட்டீர்கள்? தாளுக்கு இரண்டு வரி, மொத்தம் ஆறு. ஆறையும் தனியாக எழுதி வையுங்கள். அவற்றுக்குள் என்ன ஒற்றுமை? மூன்றில் யாராவது பேசுகிறார்கள் என்றால், உரையாடல் உங்கள் கைக்கு வருகிறது. காரண காரியத்தைச் சொல்லும் வரிகளாகவே இருந்தால் வாதம் உங்கள் வழி. ஓர் உதாரணத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறீர்களா? நன்னூலின் அழகுப் பட்டியலில் 'விளங்கு உதாரணத்தது ஆகுதல்' என்று அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. 'சுருங்கச் சொல்லல்' முதலிலேயே நிற்கிறது.

இன்னொன்று. பலவீனங்களில் சில, அளவு மீறிய பலங்கள். கூறியது கூறுபவர் பெரும்பாலும், படிப்பவருக்குப் புரிய வேண்டுமே என்று கவலைப்படுபவர். மற்றொன்று விரிப்பவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது. குன்றக் கூறுபவர் சுருக்கத்தை விரும்புபவர். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க இது உதவும்.

6. ஒரு வாசகரைப் பிடியுங்கள்

தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார். அவர் மேல் தப்பில்லை, கேள்விதான் தப்பு. பென்சிலைக் கையில் கொடுத்து மூன்று காரியம் மட்டும் கேளுங்கள்: எங்கே கவனம் சிதறியதோ அங்கே ஒரு கோடு, எங்கே மறுபடி படிக்க வேண்டியிருந்ததோ அங்கே ஒரு கேள்விக்குறி, படித்து முடித்ததும் தாளைப் பார்க்காமல், நினைவில் நிற்பது எது என்று ஒரு வரி. அவர் பேசும்போது விளக்கம் சொல்லாதீர்கள். 'இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...' என்று தொடங்கினீர்களோ, அந்த விளக்கம்தான் தாளில் இல்லாமல் போனது.

7. எழுதிய விதத்தையும் பாருங்கள்

தாளில் தெரியாத குறைகளும் உண்டு. அடுத்த கட்டுரை எழுதும்போது நேரத்தைக் குறித்து வையுங்கள்: படிக்கவும் யோசிக்கவும் எவ்வளவு, முன்னுரைக்கு எவ்வளவு, நடுப்பகுதிக்கு, முடிவுக்கு, திருத்த எவ்வளவு. 'சென்றுதேய்ந்து இறுதல்' பல சமயம் எழுத்தின் நோயே கிடையாது, கடிகாரத்தின் நோய்.

8. எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால்

இந்தச் சான்றுகள் கையில் இருந்தால் அந்த ஒரு பக்கம் தானாக வரும். என்ன பலம் அல்லது குறை, எந்தத் தாளில் எந்த இடம், ஏன் அப்படி ஆகிறது என்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்து பார்க்கப் போகிறீர்கள். இந்த நாலும் இருந்தால் போதும். இப்படி எழுதுபவர்கள் உண்டு:

"என் கட்டுரைகளில் முடிவுரை சரியாக அமைவதில்லை. இனி அதில் கவனம் செலுத்துவேன்."

இதே ஆள் இப்படியும் எழுதலாம்:

"மூன்று கட்டுரைகளில் இரண்டில் கடைசிப் பத்தி, முன்னுரையில் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய கட்டுரையில் முன்னுரைக்கு 9 வரி, முடிவுரைக்கு 2 வரி. முன்னுரைக்கு மட்டும் 20 நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்; முடிவுக்கு வரும்போது 3 நிமிடம்தான் மிச்சம். அடுத்த கட்டுரையில் நடுப்பகுதியை முதலில் எழுதிவிட்டு, முன்னுரையைக் கடைசியாக எழுதிப் பார்க்கப் போகிறேன்."

இரண்டாவது, மதிப்பெண்ணுக்காக எழுதினாலும் எழுதியவருக்கும் பயன்படும். ஒரு எச்சரிக்கை: ஆசிரியர் முன்பு சொன்ன குறைகளையே அவருக்குத் திருப்பிப் பாடாதீர்கள். அவருக்கு அது தெரியும். அவர் கவனிக்காத ஒன்றை நீங்களே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் அந்த வரியில்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். பாவமன்னிப்புத் தொனியும் வேண்டாம். 'நான் ஒரு சோம்பேறி' என்று எழுதுவது அடக்கமாகத் தெரியும். படிப்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

9. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் எட்டுப் பத்துக் குறைகள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் சரிசெய்ய நினைத்தால் முதல் வரியே எழுத வராது. எனக்கு நடந்தது அது: ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டு, ஒரு மாலை முழுக்க இரண்டு வரி எழுதினேன், அந்த இரண்டும் உயிரில்லாமல் இருந்தன. எழுதும்போது எழுதுங்கள், பார்வையிடுவது பிறகு.

அடுத்து எழுதப்போகும் மூன்று கட்டுரைகளுக்கும் ஒரே ஒரு குறை. ஒரு சின்னத் துண்டுத் தாளில் அதைக் கேள்வியாக எழுதுங்கள்: 'இந்த வாக்கியத்தில் எத்தனை சம்பவம்?' அல்லது 'முடிவுரை புதிதாக ஏதாவது சொல்கிறதா?' அதற்குக் கீழே உங்கள் பலத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள், அந்தக் கட்டுரையில் அதற்கு எங்கே இடம் கொடுப்பீர்கள் என்ற குறிப்போடு. கட்டுரை எழுதி முடித்து, திருத்த உட்காரும்போதுதான் அந்தத் துண்டை எடுக்க வேண்டும்.

மூன்றாவது கட்டுரை முடிந்ததும் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதே எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். குறைந்திருந்தால் துண்டைக் கிழித்துவிட்டு அடுத்த குறைக்குப் போங்கள். குறையவில்லை என்றால் அதே துண்டு இன்னும் மூன்று கட்டுரைக்கு. எனக்கு 'மிகவும்' 11இலிருந்து 2க்கு இறங்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அதன் இடத்தில் 'ரொம்ப' வந்து உட்கார்ந்திருந்தது, அதற்குத் தனியாக ஒரு துண்டு போட வேண்டியதாயிற்று.